கசங்கும் சட்டையும் கசகசக்கும் காற்றும்

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில், கருணீகர் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு புளியமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆகிவிட்டால் அதைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று கடலோர ஊர்களைச் சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை இரவுதான் வீடு திரும்புவார். ஐந்து முழுக்கைச் சட்டைகள், மூன்று கால்சட்டைகள், இரண்டு டை. இவைதாம் அவருடைய தொழிற்கருவிகள்.

சென்ற மே மாதம் ஒரு நாள் அவர் சூடு ஆறாத சட்டைகளை அப்படியே வாங்கிப் பைக்குள் திணித்ததைப் பார்த்து இஸ்திரிக்காரப் பெரியவர் பதறிவிட்டார்.

"சார், கொஞ்சம் ஆற விடுங்க. சூட்டோட அமுக்கி வச்சீங்கன்னா காலையில கசங்கலாத்தான் வெளிய வரும்."

"நேரம் இல்லீங்க பெரியவரே, இன்னும் மாத்திரை மாதிரிப் பெட்டியெல்லாம் அடுக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை கடலூர் விடுதியில் பையைத் திறந்தபோது பெரியவர் சொன்னதுதான் நடந்திருந்தது. தேய்த்த சட்டையில் ஏன் மீண்டும் சுருக்கம் விழ வேண்டும்? அதுவும் யாரும் உடுத்தாமல், பைக்குள் சும்மா கிடந்த சட்டையில்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் வேதியியல், வெப்பவியல், உடலியல் மூன்றும் வழியில் எதிர்ப்படுகின்றன.

முதலில் ஒரு பின்னலைப் பாருங்கள். உங்கள் தங்கையோ அக்காளோ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னிக்கொள்கிறாள். மாலையில் பின்னலை அவிழ்த்தால் கூந்தல் அலை அலையாக நிற்கிறது. மீண்டும் நனைத்தால் அலை மறைந்து நேராகிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது வளைத்து, அந்த நிலையிலேயே உலரவிட்டால் வளைவு நிலைத்துவிடும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். பருத்திச் சட்டையிலும் நடப்பது இதுவே.

பருத்தி இழை ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அது ஒரு செல்லுலோஸ் மூலக்கூறு. ஒவ்வொரு அலகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் இத்தொகுதிகளின் வழியாக ஒன்றையொன்று இலேசாகப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனி ஒரு பிணைப்பு வலுவற்றது. ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது துணிக்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகிறது.

நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பில் ஆசை உள்ளதுதான். அது இழைக்குள் நுழைந்து, சங்கிலிகள் கோத்திருந்த கைகளை விடுவித்து, தான் அந்தக் கையைப் பற்றிக்கொள்கிறது. சங்கிலிகள் நழுவத் தொடங்குகின்றன. இந்த நேரத்தில் துணியை மடித்து அழுத்தினால் அவை புதிய இடத்துக்கு நகர்ந்துவிடும். பிறகு நீர் வெளியேறியதும் புதிய இடத்திலேயே புதிய பிணைப்புகள் ஏற்படும். அதைத்தான் நாம் கசங்கல் என்கிறோம். கால்சட்டையின் கத்தி முனை போன்ற மடிப்பும் இதேபோல் உண்டாவதுதான். நாம் விரும்பிய இடத்தில் விழுந்தால் மடிப்பு, விரும்பாத இடத்தில் விழுந்தால் கசங்கல்!

இப்போது இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளிப்பதன் காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நீர் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, வெப்பம் சங்கிலிகளை ஆட்டுவிக்கிறது, பெட்டியின் எடை அவற்றைச் சமப்படுத்துகிறது, கடைசியில் அதே வெப்பம் நீரை விரட்டிப் புதிய பிணைப்புகளைப் பூட்டுகிறது. ஆனால் பூட்டு விழச் சிறிது நேரம் வேண்டும். பெட்டியை எடுத்தவுடன் துணியில் சூடும் மிச்ச ஈரமும் இருக்கின்றன. அந்த நிலையில் பைக்குள் அமுக்கினால் பை கொடுக்கும் உருவத்தையே சட்டை ஏற்றுக்கொள்ளும். பத்து நிமிடம் ஆற விடச் சொன்ன பெரியவர் பாடப் புத்தகம் படித்தவரல்லர். நாற்பது ஆண்டுகளாகத் துணியைப் படித்தவர்.

சரி, நன்றாக ஆறவிட்டு மடித்து வைத்தால் போதுமா? வறண்ட ஊராக இருந்தால் போதும். கடலோரத்தில் காற்றே நீர் தெளிக்கிறது. ஒரு கிலோகிராம் உலர்ந்த பருத்தியை 65 சதவீத ஒப்பு ஈரப்பதமும் 20 டிகிரி வெப்பநிலையும் உள்ள காற்றில் வைத்தால் அது ஏறக்குறைய 85 கிராம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததாகவே தோன்றும். காற்றின் ஈரப்பதம் கூடக்கூட இந்த அளவும் கூடும். கம்பளி சுமார் 160 கிராமும், பட்டு 110 கிராமும், நைலான் 40 கிராமும் எடுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் எடுத்துக்கொள்வது வெறும் 4 கிராம்தான்!

பாலியெஸ்டரின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த இழை இது. டெரிலீன் என்ற பெயரில் முதலில் உலகைச் சுற்றியது. பருத்தியோடு கலந்து நெய்தபோது டெரிகாட்டன் ஆயிற்று. உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், 1970-களில் ஒரு டெரிகாட்டன் சட்டை வைத்திருப்பது எவ்வளவு பெருமை என்று சொல்வார். இரவில் துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் தேய்க்காமலேயே உடுத்தலாம். காரணம், நீர் அதனுள் நுழைவதில்லை. நுழையாத நீர் பிணைப்புகளை எப்படித் தளர்த்தும்? பாலியெஸ்டரின் சங்கிலிகளை இளக்க வேண்டுமானால் சுமார் 70, 80 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். பையின் உள்ளே அவ்வளவு சூடு வருவதில்லை. ஆனால் கொதிநீரில் முக்கிப் பிழிந்துவிட்டால் விழும் சுருக்கம் எளிதில் போகாது. இதை அறியாமல் புதுச் சட்டையைப் பாழாக்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் கடலோரப் பயணத்துக்கு முழுப் பாலியெஸ்டர் சட்டைகளையே எடுத்துச் செல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் உடலியல் குறுக்கிடுகிறது.

நம் உடல் ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கையில் பையோடு மெதுவாக நடந்தால் இது 200 வாட் ஆகலாம். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்றும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடும் வழி அடைபட்டுவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் காற்று நம்மிடமிருந்து வெப்பத்தை வாங்குவதற்குப் பதிலாக நமக்கே கொடுக்கும். அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஒன்றுதான்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல், அதாவது 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்குப் போடுங்கள். 200 வாட் என்றால் ஒரு மணியில் 7,20,000 ஜூல். 2,400-ஆல் வகுத்தால் 300 கிராம். மணிக்கு ஒரு பெரிய டம்ளர் நிறைய வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை, உப்பும் நீரும் நஷ்டமானதுதான் மிச்சம்.

எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதை எது முடிவு செய்கிறது? தோலின் மேலுள்ள ஆவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. 35 டிகிரியில் ஈரத்தோலின் ஆவி அழுத்தம் 42 மி.மீ. பாதரசம். வேலூரில் ஒரு நண்பகல் 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 16 மி.மீ. வேறுபாடு 26. நாகப்பட்டினத்தில் ஒரு மாலை 31 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் காற்றின் ஆவி அழுத்தம் 27 மி.மீ. வேறுபாடு 15 மட்டுமே. வெப்பமானி எட்டு டிகிரி குறைத்துக் காட்டினாலும் வியர்வை உலர மறுக்கிறது. கசகசப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். கடற்காற்று வீசுவதால் தப்பித்தோம். தோலையொட்டிய ஈரக்காற்றை அது அள்ளிச் சென்றுவிடுகிறது.

சட்டை இந்த வேலைக்கு உதவவும் செய்யும், குறுக்கே நிற்கவும் செய்யும். பருத்தி வியர்வையை வாங்கிப் பரப்பி உலரவிடுகிறது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் வாங்காமல் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. நாற்றமும் ஒரு சங்கடம். 2014-ல் பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி செய்யச் சொல்லி, அவர்கள் உடுத்திய சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் பையில் வைத்துப் பிறகு முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். பருத்திச் சட்டைகளைவிடப் பாலியெஸ்டர் சட்டைகளே மோசமாக நாறின. சிலவகை நுண்ணுயிர்களுக்குப் பாலியெஸ்டரின் பரப்பு நல்ல வீடாக அமைந்துவிடுகிறது. கசங்காமை வேண்டுமா, காற்றோட்டம் வேண்டுமா என்ற வழக்கில் இரண்டையும் ஓரளவு தரும் சமரசம்தான் டெரிகாட்டன். கடலோரத்துக்குப் போகிறவர்கள் பருத்தியின் பங்கு அதிகமாக உள்ள கலப்பைத் தேடி வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

உள்ளே பனியன் போடலாமா? வெப்பம் கூடுமே என்று சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். மெல்லிய பருத்திப் பனியன் முதல் வியர்வையைத் தான் வாங்கிக்கொண்டு சட்டையைக் காப்பாற்றுகிறது. துணி நனைந்த இடம் ஏன் கருமையாகத் தெரிகிறது தெரியுமா? உலர்ந்த துணியில் இழைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. ஒளி இழையிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து இழைக்கும் மாறி மாறிச் சென்று சிதறி வெளியே வருகிறது. அந்த இடைவெளியை நீர் நிரப்பிவிட்டால், நீரின் ஒளிவிலகல் எண் இழையினுடையதற்கு நெருங்கியது ஆகையால், சிதறல் குறைகிறது. இளநீல நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் இந்தத் திட்டு பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது.

இனி ஒரு நிகழ்ச்சி. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த மே மாதப் பயணத்தின் கடைசி நாளில் கம்பெனியின் கூட்டத்துக்குப் போயிருந்தார். கோட்டும் டையும் கட்டாயம். மண்டபத்தில் மின்சாரம் போய்விட்டது. ஒரு மணி நேரம் நின்றவருக்குத் தலை சுற்றிற்று, குமட்டிற்று, கண் இருண்டது. நல்லவேளை, அருகில் இருந்த ஒரு மருத்துவர் அவரை நிழலில் படுக்கவைத்துக் கோட்டையும் டையையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து விசிறச் சொன்னார். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். அரை மணியில் தெளிந்துவிட்டது. இது வெப்பச் சோர்வு. ஒருவர் உளறினாலோ நினைவிழந்தாலோ அது வெப்பத்தாக்கு ஆகிவிட்டது என்று பொருள். அப்போது வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடலில் நீரை ஊற்றி விசிறிக்கொண்டே உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கோட்டின் மேல் என்ன குற்றம்? உடையின் வெப்பக் காப்பை அளக்க 1941-ல் குளோ என்ற ஓர் அலகை வகுத்தார்கள். 21 டிகிரி அறையில், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடையின் காப்பு ஒரு குளோ. மேல்நாட்டுக் கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த அலுவலக உடை ஏறக்குறைய அந்த ஒரு குளோதான். அரைக்கைச் சட்டையும் மெல்லிய கால்சட்டையும் அதில் பாதி. சென்னையில் 21 டிகிரி என்பது மார்கழி, தை மாத விடியலில் எட்டிப் பார்க்கும் விருந்தாளி. மே மாத நண்பகலில் ஒரு குளோவைச் சுமப்பவர் தம் உடலிடம் எவ்வளவு வேலை வாங்குகிறார் பாருங்கள்.

எந்த உடை மரியாதையான உடை என்பது இயற்கை வகுத்த விதி அன்று. மனிதர்கள் வகுத்தது, ஆகவே மாற்றக்கூடியது. ஜப்பான் அரசு 2005-ல் கோடைகாலத்தில் டையும் கோட்டும் வேண்டாம், குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்று அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிச்சம், உடலுக்கும் இதம். நம் நாட்டில் கோடைக் காலத்தில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. சென்னையிலேயே 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்ததற்காக ஒரு மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்து, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் அத்தகைய தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. வெப்பவியல் நோக்கில் பார்த்தால் கீழே திறந்து காற்று நுழைந்து வெளியேறும் வேட்டி இந்த ஊருக்குப் பொருத்தமான பொறியமைப்பு. அதை மறுத்தவர்களுக்குக் குளோ அலகு தெரிந்திருக்க நியாயமில்லை.

கசங்கலை வேதியியலால் வெல்ல முயன்றவர்களும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனரிட்டோ என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் பருத்தியின் சங்கிலிகளுக்கு இடையே, ஏணிக்குப் படி வைப்பதுபோல், வலுவான குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தும் முறைகளை உருவாக்கினார்கள். நீர் வந்து தளர்த்த முடியாத பிணைப்புகள் இவை. கடைகளில் 'சுருங்காத பருத்தி' என்று விற்கும் சட்டைகள் இத்தகைய ஆய்வுகளின் பலனே. ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. குறுக்குப் பிணைப்பு ஏறிய துணி சீக்கிரம் கிழியும். இதற்கு நேர்மாறான தந்திரம் சீர்சக்கர் துணியில் இருக்கிறது. பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகப் பெயர் கொண்ட இத்துணியில் ஒரு கோடு இறுக்கமாகவும் அடுத்த கோடு தளர்வாகவும் நெய்யப்படுகிறது. தளர்ந்த கோடு நிரந்தரமாகச் சுருங்கி நிற்கும். ஏற்கனவே சுருங்கியதை யார் கசக்க முடியும்? தோலில் ஆங்காங்கே மட்டும் படுவதால் காற்றும் புகும்.

பையை அடுக்கும் வேலைக்கு வருவோம். கூரிய மடிப்பில் இழை அதிகமாக வளைகிறது, அதனால் அதிகமாக நழுவுகிறது. ஆகவே மடிப்புக்குள் ஒரு துண்டையோ பனியனையோ வைத்து வளைவைப் பெரிதாக்க வேண்டும். சுருட்டி வைப்பதும் இதற்காகவே. ஆறி உலர்ந்த ஒவ்வொரு சட்டையையும் ஒரு மெல்லிய பாலித்தீன் உறையில் போட்டு வாயை மூடினால் வெளி ஈரம் எளிதில் நுழையாது, துணிகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஈரம் மிச்சமுள்ள சட்டையை மட்டும் அப்படி மூடக்கூடாது. இரண்டே நாளில் பூஞ்சணம் வந்து கரும்புள்ளி வைத்துவிடும்.

புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பையில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 கிராம் சிலிக்கா ஜெல் மிக ஈரமான காற்றில்கூட 2 கிராமுக்கு மேல் நீரை வாங்காது. பைக்குள் இருக்கும் காற்றிலே உள்ள நீருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ஐந்து பருத்திச் சட்டைகள், ஒரு கிலோ எடை என்றால், அவற்றின் இழைகளுக்குள்ளேயே 85 கிராமுக்கு மேல் நீர் ஒளிந்திருக்கிறதே! கேமராவுக்கு உதவும் பொட்டலம் துணிப்பைக்கு உதவாது.

இன்னொரு பொறி குளிர்சாதன அறை. ஆட்டோவில் வியர்த்து நனைந்த முதுகோடு ஒருவர் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்து நாற்காலியில் சாய்கிறார். அங்கே காற்று வறண்டது. சாய்ந்த நிலையிலேயே சட்டை உலர்கிறது. நம் பின்னல் நினைவிருக்கிறதல்லவா? எழுந்து நிற்கும்போது முதுகில் நாற்காலியின் வரைபடம்! உள்ளே போனதும் ஐந்து நிமிடம் நின்றுகொண்டிருந்தால் இதைத் தவிர்க்கலாம். குளிர்ந்த அறையிலிருந்து பையை வெளியே கொண்டுவந்ததும் திறப்பதும் தவறு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. 20 டிகிரிக்குக் குளிர்ந்துள்ள துணிகளின்மேல் மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல் ஈரம் படியும். பை வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

இவற்றில் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். தையற்கடையில் பருத்தி, டெரிகாட்டன், பாலியெஸ்டர் துண்டுகள் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலமுள்ள துண்டுகளை வெட்டிப் பாதியாக மடித்து, இரண்டு கிலோ எடையுள்ள புத்தகக் கட்டின் கீழே ஒரு நிமிடம் வையுங்கள். எடையை நீக்கி இன்னொரு நிமிடம் கழித்து மடிப்பு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று கோணமானியால் அளந்து குறியுங்கள். 180 டிகிரிக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. நெசவு ஆய்வுக்கூடங்களிலும் ஏறத்தாழ இப்படித்தான் அளக்கிறார்கள். பிறகு துண்டுகளை வாயால் நன்றாக ஊதி ஈரமாக்கி மீண்டும் செய்யுங்கள். எந்தத் துண்டின் கோணம் அதிகமாகக் குறைகிறது? மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் வானிலை நிலையங்களின் ஈரப்பத அளவு காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் எடுத்து வெளியிடப்படுகிறது. அன்றைய எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதே துண்டுகளைத் தையிலும் ஆனியிலும் சோதித்தால் இரு வரிசைகளையும் ஒப்பிடலாம். என் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், இதைத் தொடங்கிவிட்டாள். துண்டுத் துணிகளை அவளுக்குக் கொடுத்தவர் இஸ்திரி வண்டிப் பெரியவர்தான்.